தையில் எரிய விடாத காடு மாசியில் எரிகிறது

2019 பிப்ரவரி 23. எலஹங்கா விமானப்படைத் தளத்தில் ஏரோ இந்தியா நடந்துகொண்டிருந்தபோது, வாகன நிறுத்தத்தில் காய்ந்த புல் பற்றிக்கொண்டு சுமார் 300 கார்கள் எரிந்துபோயின. அதே வாரத்தில்தான் பந்திப்பூரில் 10,000 ஏக்கருக்கு மேல் கருகியது. அப்போதும் சரி, அதன் பிறகு வந்த மாசி மாதங்களிலும் சரி, நம் பெங்களூருத் தமிழ்க் குழுக்களில் சுற்றும் கேள்வி ஒன்றுதான்: யார் வைத்த தீ? பீடிக்காரரா, ரிசார்ட்காரரா, மாடு மேய்ப்பவரா? அதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு தீக்குச்சிக்காக அத்தனை ஆயிரம் ஏக்கர் ஏன் காத்திருந்தது என்று கேட்டால்தான் பேச்சு காட்டுக்குள் நுழையும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்திப்பூர், முதுமலை, பிளிகிரிரங்கன் மலை, சத்தியமங்கலம் பக்கத்து இலையுதிர் காடுகளில் 'தீயே கூடாது' என்ற கொள்கை தவறு. பொங்கலை ஒட்டிய வாரங்களில் சிறு சிறு துண்டுகளாக, திட்டம் போட்டு எரிக்க வேண்டும். அந்த வேலையை இந்தக் காடுகளின் பழங்குடிகளான சோளகர்கள் முன்னின்று நடத்த வேண்டும். அதற்கும் முன்னால் உண்ணிச்செடி (லண்டானா) என்ற அயல்நாட்டுப் புதரை எடுத்தாக வேண்டும். இந்த வரிசை மாறினால் நன்மையைவிடக் கெடுதலே அதிகம்.

ஊருக்குப் போகும்போது குண்டல்பேட்டை வழியாகவோ, சாம்ராஜ்நகர் ஆசனூர் திம்பம் வழியாகவோ நாம் கடக்கும் இந்த நிலம் பெரும்பாலும் சவானா, அதாவது மரங்கள் பரவிய புல்வெளி. நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் இருக்கும் என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) நிறுவனத்தின் ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் உள்ளிட்டோர் 2011லேயே இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள். அடையாளம் எளிது. மரங்கள் இருந்தும் தரையில் தொடர்ச்சியாகப் புல் இருக்கும். அது நிழல் தாங்காத, வெயில் கேட்கும் சி4 வகைப் புல். வெக்காளி, கருமருது, வேங்கை, நெல்லி ஆகியவற்றுக்குப் பட்டை தடிமன். மேல்பகுதி எரிந்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும். மிதமான தீ கடந்துபோன வெக்காளியின் அடிமரம் முழங்கால் உயரத்துக்குக் கரியாக இருக்கும். அங்கே பட்டையை ஆழக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை. பக்கத்தில் புல் தூர் மூன்று விரல் உயரத்துக்குக் கருகி நிற்கும். மண்ணில் ஈரம் மிச்சமிருந்தால் சில நாட்களில் அதன் நடுவிலிருந்து பச்சை முனை எட்டிப்பார்க்கும், புள்ளிமான் தேடி வரும். சோலைக்காட்டுக்கும் பசுமைமாறாக் காட்டுக்கும் இந்தப் பதிவில் ஒரு வரிகூடப் பொருந்தாது. அங்கே பட்டை மெல்லியது. தீ நுழைந்தால் இழப்புதான்.

தையில் வைக்கும் தீக்கும் மாசிக் கடைசியில் ஓடும் தீக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு கிலோ புல் எரிந்தால் சுமார் 18,000 கிலோஜூல் வெப்பம். அதைச் சதுர மீட்டருக்கு எரியும் புல்லின் எடையாலும், தீ நகரும் வேகத்தாலும் பெருக்கினால் தீமுனையின் (தீ முன்னேறும் விளிம்பின்) வீரியம் கிடைக்கும். சதுர மீட்டருக்கு 400 கிராம் புல் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் திசையில் நொடிக்கு 20 சென்டிமீட்டர் ஓடினால் மீட்டருக்கு 1,440 கிலோவாட், சுடர் இரண்டு மீட்டருக்கு மேல். அதே புல்லில் காற்றை எதிர்த்து நொடிக்கு 2 சென்டிமீட்டர் ஊர்ந்தால் 144 கிலோவாட், சுடர் முக்கால் மீட்டர். சுமார் 350 கிலோவாட்டைத் தாண்டினால் பச்சைக் கிளையோடும் மண்வெட்டியோடும் தீ முன்னால் ஆள் நிற்க முடியாது. ஆகவே பிப்ரவரி கடைசியில் தன்னார்வலர்களை ஜீப்பில் ஏற்றி அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிப் புல்சரிவில் மலையேறப் போன 20க்கு மேற்பட்டவர்களை இழந்தோம். சரிவு 10 டிகிரி கூடினால் மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஓடித் தப்பலாம் என்பது அங்கே நடக்காது.

இனி உண்ணிச்செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பிளிகிரிரங்கன் மலையில் ஆய்வுக்கு எடுத்த இடங்களில் 1997இல் 41 சதவீதத்தில் இருந்தது, 2008இல் 81 சதவீதத்தில் இருந்தது. புதர் மூடினால் அதன் நிழலில் புல் சாகும். புல் இல்லாவிட்டால் மிதமான தரைத்தீ ஓடாது. ஆனால் கடும் வறட்சியில் அந்தப் புதரே எரியும்போது தீ அதைப் பற்றி மரக்கிளை வரை ஏறும். தரைத்தீக்குத் தாங்கும் வெக்காளி இதற்குத் தாங்காது. எரிந்த இடத்தில் முதலில் முளைப்பதும் உண்ணிதான். ஆகவே புதர் நிற்கும் இடத்தில் தீ வைக்கவே கூடாது.

எடுக்கும் முறையிலும் தப்பு நடக்கிறது. மேலே வெட்டிவிட்டால் அடியிலிருந்து பல கிளையாக வரும். ஜேசிபி விட்டால் மண் புரண்டு, புதைந்த விதையெல்லாம் முளைக்கும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினரின் முறைதான் சரி: மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டரில் முக்கிய வேரை வெட்டி, செடியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து உலர விட வேண்டும். நேராகப் போட்டால் மறுபடி வேர் பிடிக்கும். அடுத்த இரண்டு மூன்று மழைக்காலங்களில் நாற்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும், முக்கியமாகப் பறவைகள் உட்காரும் மரங்களுக்கு அடியில். திட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன. முதல் வருடத்துக்குக் கிடைக்கும் பணம் இரண்டாம் வருடத்துக்கு வருவதில்லை.

புல் திரும்பிய பிறகுதான் தீ. ஒரு பிடி புல்லை மடக்கினால் நுனி ஒடிய வேண்டும், தூர் வளைய வேண்டும். அதற்கு முன்னால் வைத்தால் புகைதான் வரும். சீரான மெல்லிய காற்று வேண்டும். காற்றே இல்லாத நாளும் ஆபத்து, தீ எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது. வண்டித்தடமோ ஓடையோ எல்லையாக இருக்கட்டும். இல்லாத பக்கம் தீத்தடுப்புக் கோடு வெட்டி, வெட்டிய புல்லை முன்னதாகவே எரித்துவிட வேண்டும். காற்று போய்ச் சேரும் ஓரத்தில் தொடங்க வேண்டும், சரிவென்றால் உச்சியில். மாலை 4 மணிக்கு மேல் வைத்தால் இரவுப் பனி பாதி வேலையைச் செய்துவிடும். பொந்து உள்ள மரங்களின் அடியில் ஒரு மீட்டர் சுற்றுக்குச் சருகை ஒதுக்க வேண்டும். சுடர் அடங்கியதும் ஆட்கள் கிளம்பிவிடுவதுதான் பெரிய தவறு. விழுந்த கட்டையும் காய்ந்த யானைச் சாணமும் மேலே சாம்பல் பூத்து உள்ளே மறுநாள்வரை கனன்றுகொண்டிருக்கும். நண்பகல் காற்று எழுந்தால் அங்கிருந்துதான் தீ தடுப்புக் கோட்டைத் தாண்டும். ஒவ்வொன்றையும் உடைத்து நீர் தெளிக்க வேண்டும்.

ஒரே துண்டை வருடா வருடம் எரிப்பதும் கூடாது. மரக்கன்று சுடருக்கு மேலே தலை நீட்ட மூன்று நான்கு வருட இடைவெளி வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் பக்கத்துத் துண்டு எரியாமல் இருக்க வேண்டும்.

இதெல்லாம் புது யோசனை இல்லை. சோளகர்கள் கோடையின் தொடக்கத்தில் வைத்துவந்த சருகுத்தீக்குத் 'தரகு பெங்கி' என்று பெயர். நெல்லி மரத்தைக் கொல்லும் புல்லுருவியை அந்தத் தீ கட்டுப்படுத்தியது என்கிறார்கள். 1974இல் பிளிகிரிரங்கன் மலை சரணாலயமானதும் அது குற்றமாகிவிட்டது. ஆனால் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடுப்பது சரணாலயத்துக்கு ஆபத்து விளைவிக்கும் தீயை. மேலாண்மைத் திட்டத்தில் எழுதி, அதிகாரி பொறுப்பில் வைக்கும் தீக்கு அதில் இடம் இருக்கிறது என்பது என் வாசிப்பு. 2006 வன உரிமைச் சட்டம் காட்டைப் பேணவும் நிர்வகிக்கவும் சமூகத்துக்கு உரிமை தருகிறது. சோளகர்களுக்கு அந்தச் சமூக உரிமை 2011இல் கிடைத்தும்விட்டது.

கார்பன் என்னாவது என்று கேட்பவர்களுக்கு: எரிந்த புல்லின் கரியமில வாயுவை அடுத்த மழையில் வளரும் புல் திரும்ப எடுத்துக்கொள்ளும். மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும்தான் மிஞ்சும் கணக்கு. ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆர்னெம் லாண்டில் 2006 முதல் பூர்வகுடிக் காவலர்கள் பருவத்தின் தொடக்கத்திலேயே எரித்து, பின்கோடைப் பெருந்தீயைக் குறைத்து, அந்த வாயுக்களையும் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

இங்கே தடையாக நிற்பது எண்ணிக்கை. செயற்கைக்கோள் எச்சரிக்கையில் ஜனவரியின் மிதமான தீயும் மார்ச்சின் பெருந்தீயும் ஒரே புள்ளிதான். புள்ளி குறைந்தால் நல்ல அதிகாரி என்றிருக்கும்வரை எந்த ரேஞ்சரும் ஜனவரியில் தீக்குச்சியைத் தொட மாட்டார். புள்ளிகளை எண்ணுவதை விட்டுவிட்டு, பிப்ரவரி 15க்குப் பிறகு எத்தனை ஹெக்டேர் எரிந்தது என்று கேளுங்கள். பிளிகிரிரங்கன் மலையில் உண்ணி எடுத்துப் புல் திரும்பிய 500 ஹெக்டேரைச் சோளகர் கிராம சபைகளோடு ஐந்து வருடம் இப்படி நடத்தட்டும். இரண்டு மீட்டரைத் தாண்டிய மரக்கன்றுகள், புல் பரப்பு, உண்ணி நாற்று, மாசியில் எரிந்த பரப்பு ஆகிய நான்கையும் ஆண்டுதோறும் அளந்து, பக்கத்தில் எரிக்காமல் விட்ட 500 ஹெக்டேரோடு சேர்த்துப் பொதுவில் வெளியிடட்டும்.