மூன்று ஓட்டையை நம்பி ரைபிள் வாங்காதீங்க

வெள்ளைத் தாள். நடுவில் நெருக்கமாக மூன்று ஓட்டை. அளவு தெரிய பக்கத்தில் ஒரு குவார்ட்டர் நாணயம். "நோரின்கோ எஸ்கேஎஸ், நூறு கஜத்தில் ஒன்றரை அங்குலம், பேரம் கிடையாது" என்று கீழே ஒரு வரி. நோரின்கோ சீன நிறுவனம், எஸ்கேஎஸ் பழைய சோவியத் ராணுவ ரைபிள்; நூறு கஜத்திலிருந்து சுட்ட ஓட்டைகள் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தன என்று அர்த்தம். இங்கே டெக்சாஸில் பழைய இறக்குமதி ரைபிள் விற்கிறவர்கள் பலரும் இப்படி ஒரு படத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே எனக்கு அனுப்பி "அண்ணே, வாங்கலாமா?" என்று கேட்கிற தம்பிகளுக்காகத்தான் இந்தப் பதிவு. துப்பாக்கியே வேண்டாம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. இது வாங்குவதென்று முடிவு பண்ணிவிட்டவர்களுக்கு.

அந்தத் தாள் துல்லியத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. விலைக்கும் துல்லியத்துக்கும் சம்பந்தமும் இல்லை. என் கட்சி இவ்வளவுதான்.

முதலில் துல்லியம். ஒரே குறியில் எத்தனை தடவை சுடுகிறோமோ, அத்தனைக்கு ஓட்டைகள் பரவிக்கொண்டே போகும். இது துப்பாக்கியின் குறையில்லை, வெறும் கணக்கு. ஓட்டைகள் சிதறி விழுந்த அகலத்தைக் குரூப் என்பார்கள். மூன்று தோட்டா குரூப்பும் பத்துத் தோட்டா குரூப்பும் ஒரே ரைபிளில் ஒப்பிட்டால், சராசரியாகப் பத்துத் தோட்டா குரூப் ஒன்றரை மடங்குக்கும் கொஞ்சம் மேலே இருக்கும். அதாவது பத்துத் தோட்டாவுக்கு நாலு அங்குலம் போடுகிற ரைபிள், மூன்று தோட்டாவுக்கு சராசரியாக இரண்டரை அங்குலம் போடும். காலையிலிருந்து மூன்று மூன்றாகச் சுட்டுக்கொண்டே இருந்தால், நடுவில் ஒரு தாளில் ஒன்றரை அங்குலம் விழத்தான் செய்யும். விற்கிறவர் போட்டோ எடுத்தது அந்தத் தாளை. மற்ற தாளெல்லாம் குப்பைத்தொட்டியில் கிடக்கும்.

எஸ்கேஎஸ் என்பது சோவியத் வடிவமைப்பாளர் சிமோனவ் 1945இல் வடிவமைத்த ராணுவ ரைபிள். 7.62x39 தோட்டா, உள்ளேயே பொருத்திய பத்துத் தோட்டா மேகசின். நல்ல நிலையில் உள்ள ஒன்று நூறு கஜத்தில் மூன்று நாலு அங்குலம் போட்டால் அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று அர்த்தம். அதற்காகச் செய்த பொருள் அது. ஏகே-47 வகை ரைபிளைவிட எஸ்கேஎஸ் துல்லியம் அதிகம் என்று ரேஞ்சில் சத்தியம் பண்ணுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் பாதிக் காரணம் குறிபார்க்கிற பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் இடையே உள்ள தூரம் எஸ்கேஎஸ்ஸில் கணிசமாக நீளம் என்பது. கண் தவறுவது குறைகிறது. பேரலில் (குழலில்) மந்திரம் எதுவும் இல்லை.

எஸ்கேஎஸ் மாதிரி செமி ஆட்டோவில், அதாவது ஒன்று சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்கிற ரைபிளில், இன்னொரு சமாச்சாரம். முதல் தோட்டாவை நாம் கையால் இழுத்துவிட்டு ஏற்றுகிறோம். இரண்டாவதிலிருந்து போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற பாகம்) தானே வேகமாக அடித்து ஏற்றுகிறது. தோட்டா சேம்பரில் (பேரலின் பின்முனை அறையில்) உட்காரும் விதமும் போல்ட் பூட்டும் விதமும் கொஞ்சம் மாறும். அதனால் முதல் ஓட்டை மட்டும் தனியாகப் போய் நிற்கிற ரைபிள்கள் உண்டு. சிலர் அந்த ஒன்றைக் கணக்கிலிருந்து தூக்கிவிடுவார்கள். தூக்கக் கூடாது. நீங்கள் வாங்குவது அந்த முதல் தோட்டாவையும் சேர்த்துத்தான்.

தோட்டா விஷயத்தில் பலர் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். மலிவான ஸ்டீல் கேஸ் (இரும்பு உறை) தோட்டாவில் சுட்டுவிட்டு ரைபிளைத் திட்டுவது. அதே ரைபிளில் நல்ல பிராஸ் கேஸ் (பித்தளை உறை) தோட்டா போட்டால் குரூப் ஒரு அங்குலம் சுருங்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு வகைத் தோட்டாவில், வகைக்குப் பத்து, சாண்ட்பேக் மேல் வைத்து, பேரலை ஆறவிட்டுச் சுட்டுப் பாருங்கள். விற்கிறவர் சம்மதிக்கவில்லையா, அதுவும் ஒரு பதில்தான்.

சுட முடியாத இடத்தில் என்ன பார்ப்பது? ரைபிள் காலி என்று உறுதிசெய்துகொண்டு, பேரலின் வாயை, புல்லட் வெளியேறுகிற அந்தக் கடைசி விளிம்பை, டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய ராணுவ ரைபிள்களில் தேய்மானம் அதிகம் அங்கேதான். சுட்டுத் தேய்ந்ததைவிட, சிப்பாய்கள் முன்பக்கமாகக் கம்பி விட்டு விட்டுத் துடைத்தே தேய்ந்தது. விளிம்பு ஒரு பக்கம் சப்பையாகியிருந்தால் உள்ளே பேரல் கண்ணாடி மாதிரி மின்னினாலும் குரூப் சிதறும்.

யூகோஸ்லாவியா செய்த எஸ்கேஎஸ்ஸான எம்59/66 என்றால் இன்னும் ஒரு படி உஷாராக இருங்கள். மற்ற எஸ்கேஎஸ் பலவற்றில் பேரல் உள்ளே குரோம் பூச்சு இருக்கும். இதில் கிடையாது. அக்காலத் தோட்டாவின் பிரைமர் (அடியில் உள்ள பற்றவைக்கும் மருந்து) எரிந்தபின் உப்பாகப் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு போகாது, தண்ணீர்தான் கரைக்கும். அதைச் செய்யாமல் விட்டவன் கையிலிருந்து வந்த ரைபிள் என்றால் பேரலில் குழி விழுந்திருக்கும். கிரனேட் எறிவதற்காக வைத்த கேஸ் வால்வும் (சுட்ட வாயுவின் வழியைத் திறந்து மூடுகிற பாகம்) அரித்திருக்கும். வால்வு ஒழுகினால் வாயு அழுத்தம் போதாமல் அடுத்த தோட்டா ஏறாது. செமி ஆட்டோ என்று காசு கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துச் சுட வேண்டியதுதான்.

ருமேனியாவின் ஏகே வகை ரைபிளான வாசர்-10ஐக் கேலி செய்வது இங்கே ஒரு பொழுதுபோக்கு. முன் சைட் கொஞ்சம் சாய்ந்திருக்கும், மேகசின் ஆடும். மேகசின் ஆடுவதால் குரூப் கெடாது. சைட் சாய்வதை, பக்கவாட்டில் தள்ள இடம் மிச்சமிருந்தால் சரிபண்ணிக்கொள்ளலாம். பார்க்க அழகில்லை, அவ்வளவுதான். அந்த அழகின்மைக்காக விலை குறைத்துக் கேளுங்கள், துல்லியம் இல்லை என்று கதை கட்டாதீர்கள்.

இப்போது விலை. 90களின் தொடக்கத்தில் சீன எஸ்கேஎஸ் நூறு டாலருக்கும் கீழே விற்றது. இன்று அதே ரைபிளுக்குப் பல நூறு டாலர். இடையில் அந்தப் பேரல் நல்லதாக மாறிவிட்டதா? 1994 மே மாதம் சீனாவின் வர்த்தகச் சலுகையைப் புதுப்பித்த கையோடு, கிளிண்டன் சீனத் துப்பாக்கி, தோட்டா இறக்குமதியை நிறுத்தினார். வரத்து நின்றது, விலை ஏறியது. 2014 ஜூலையில் ரஷ்யாவின் கலாஷ்நிகோவ் நிறுவனத்தின் மேல் அமெரிக்கத் தடை வந்ததும் அதன் சைகா ரைபிள்களுக்கு அதே கதை. 2021 செப்டம்பரில் புதிய ரஷ்யத் தோட்டா இறக்குமதி அனுமதிகளுக்குத் தடை போட்டார்கள். 'சீப் தோட்டா' என்பதற்காகவே 7.62x39 வாங்கியவர்களின் வாதத்தில் அன்றைக்குப் பாதி காலி.

இதற்கெல்லாம் முன்னோடி 1989. அந்த ஜனவரியில் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்து குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்போடிய, வியட்நாமிய அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள். சுட்டவன் கையில் இருந்தது சீன ஏகே வகை செமி ஆட்டோ. அதன் பிறகுதான் அப்பா புஷ் அரசு 43 வகை செமி ஆட்டோ ரைபிள்களின் இறக்குமதியை நிறுத்தியது. இந்த இறக்குமதி ரைபிள்களுக்கு 'ப்ரீ-பேன்' (தடைக்கு முன் வந்தது) என்று போட்டு இன்று ஆயிரக்கணக்கில் கேட்கிறார்களே, அந்தப் 'பேன்' இதுதான். அந்த வார்த்தையைப் பெருமையாக உச்சரிக்கிற பாதிப் பேருக்கு ஸ்டாக்டன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. எனக்கு அது கொஞ்சம் உறுத்தும்.

சேகரிப்பாளர்கள் தருகிற விலை வேறு உலகம். எல்லாப் பாகத்திலும் ஒரே எண், தொழிற்சாலையில் அடித்த முத்திரை, 1949இல் ரஷ்யாவின் துலா ஆலையில் செய்தது என்றால் சொத்தை எழுதித் தருவார்கள். மரக்கட்டையைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் மாட்டியிருந்தால் அதே ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டும் ஒரே இடத்தில்தான் சுடும். கழற்றி மாட்டுகிற மேகசின் போட்டு 'மாடர்ன்' ஆக்கிய எஸ்கேஎஸ்ஸில் சட்டச் சிக்கலும் உண்டு: பட்டியலிட்ட 20 பாகங்களில் பத்துக்கு மேல் வெளிநாட்டுப் பாகம் இருக்கக் கூடாது. முன்னாள் சொந்தக்காரர் எண்ணிப் பார்த்திருப்பார் என்று நம்பாதீர்கள்.

சுடுவதற்குத்தான் வேண்டும் என்றால், இன்றும் செர்பியாவின் க்ராகுயேவாட்ஸிலிருந்து புதிதாக வருகிற ஸாஸ்தவா நிறுவனத்தின் ஏகே வகை ரைபிளைப் பாருங்கள், குரோம் பூச்சுள்ள பேரலா என்று கேட்டு வாங்குங்கள். பழைய ரைபிளின் சுகம் வேண்டும் என்றால் பழைய ராணுவ ரைபிள்களைப் பொதுமக்களுக்கு விற்கிற சிஎம்பி அமைப்பின் எம்1 கேரண்ட். அமெரிக்காவில் செய்து, டென்மார்க், கிரீஸ், பிலிப்பைன்ஸ் என்று இரவல் போய்த் திரும்பியவை அதில் உண்டு. பேரலின் இரு முனைத் தேய்மானத்தையும் கேஜ் வைத்து அளந்து தரம் பிரிக்கிறார்கள். ஒரு விற்பனையாளரிடம் நான் எதிர்பார்ப்பது இந்த இரண்டு அளவு மட்டுமே, குவார்ட்டர் நாணயப் படம் இல்லை.

"வாங்கி வைத்தால் விலை ஏறுமா அண்ணே?" என்பவர்களுக்கு: அடுத்து எந்த நாட்டுக்குத் தடை வரும் என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். தெரியாதென்றால் அந்தக் காசை 401கே ஓய்வுக்காலச் சேமிப்பில் போடுங்கள்.