குண்டு விழாத ஊரிலும் ஈறு வீங்கும்
போர்ப் பதற்றத்தால் ஈறு கெடுவது சண்டை நடக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்பதுபோல் இங்கே வெளியான ஈறு நோய்க் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போன ஊர்கள் உண்டு. என் கணவரும் எல்லையில்தான் இருந்தார். 2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் சண்டை மூண்டபோது, பல்லுக்கு கிளிப் போட்டிருந்த என் மகள் ராத்திரி 1 மணி வரை அப்பாவின் மெசேஜுக்காகப் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பாள், அப்புறம் பல் தேய்க்காமலே படுத்துவிடுவாள். 10ஆம் தேதி சண்டை நின்றது. அடுத்த வாரம் அவள் துப்பிய பேஸ்ட் நுரையெல்லாம் ரத்தம். கீழ்வரிசை ஈறு புடைத்துக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மன அழுத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடி எதிர்ப்புச் சக்தி குறையும், கிளிப் இடுக்கில் தங்கும் அழுக்குக்கு அது தோதாகிவிடும் என்றார் பல் டாக்டர். முதல் உலகப்போரில் பதுங்குகுழி வீரர்களுக்கு வந்த ஈறு நோய்க்கு 'டிரெஞ்ச் மவுத்' (பதுங்குகுழி வாய்) என்றே பெயர் வந்ததே! கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், ஈறு வீங்கினால் உடனே கிளிப்பைக் கழற்றச் சொல்கிறார், டாக்டரைக் கேட்காமல் அவசரப்பட வேண்டாம். என் மகளுக்கு க்ளீனிங் செய்து, இடுக்கு பிரஷ் கொடுத்தார்கள். 3 வாரத்தில் ரத்தம் நின்றது.