மூச்சுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சையை அழகுக்கு என்று சொல்லாதீர்கள்

மேடையில் கூட்டத்தின் முன்னால் ஒருவர் அளித்த அந்தப் பேட்டியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எடை குறைப்பு அறுவை சிகிச்சை, வாயைக் கட்டத் தெரியாதவர்கள் அழகுக்காகத் தேடும் குறுக்குவழி என்று அவர் சொன்னதையும் அதற்கு எழுந்த கைத்தட்டலையும் என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. இது அழகைப் பற்றிய விஷயமே அல்ல, மூச்சைப் பற்றியது.

வயிற்றில் சேரும் கொழுப்பு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. மார்பின் மீது படியும் கொழுப்பு விலா எலும்புகளை விரியவிடாமல் அழுத்துகிறது. இயல்பாக மூச்சை விட்டபின் மேலும் முயன்று வெளியேற்றக்கூடிய காற்றின் அளவுதான் முதலில் சுருங்குகிறது. நுரையீரலின் அடிப்பகுதியில் சிறு காற்றுக்குழாய்கள் மூடிக்கொள்வதால், இரத்தம் பாயும் இடத்துக்குக் காற்று போய்ச் சேர்வதில்லை. படுத்தால் இந்த அழுத்தம் இன்னும் கூடும்.

இதனால்தான் என் அக்கா பல மாதங்கள் நாற்காலியில் சாய்ந்தபடியே உறங்கினார். பகலிலேயே அவருடைய இரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் இயல்பின் உச்ச எல்லையான 45 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டியிருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் எடை இறங்க இறங்க, ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையின் அளவுகள் ஏறின. இப்போது அவர் கட்டிலில் மல்லாந்து படுக்கிறார். நாங்கள் கேட்டது இந்த மூச்சைத்தான், மெலிந்த இடுப்பை அல்ல.

நடைப்பயிற்சி போதாதா என்று கேட்பீர்கள். நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குகிறவரிடம் தினமும் நடக்கச் சொல்வது எந்த அளவுக்கு நியாயம் என்று யோசித்துப் பாருங்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை குறியீட்டெண் (பிஎம்ஐ) 35 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கு, வேறு நோய் இல்லாவிட்டாலும், இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்று 2022இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதலே கூறுகிறது. ஆபத்து இல்லையா என்றால், உண்டு. நுரையீரலில் இரத்தக்கட்டி அடைக்கலாம், வைட்டமின்களை வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டியிருக்கும். உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு எல்லோருக்கும் முழுமையாக நீங்குவதுமில்லை. அதனால்தான் அக்கா, உறக்கப் பரிசோதனையை மறுபடி செய்யும் வரை உறங்கும்போது முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபாப் கருவியை நிறுத்தவில்லை. ஆனால் இவற்றில் எதைப் பற்றியும் பேட்டி கொடுத்தவர் பேசவில்லை. நோயாளியின் குணத்தைத்தான் குறை சொன்னார்.

இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவரை யாரும் குறுக்குவழி தேடியவர் என்பதில்லை. பருத்த உடம்புக்காரர் மட்டும் மூச்சு விடுவதற்கும் ஊருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா? தனக்கு நடந்த சிகிச்சையைச் சொந்தக்காரர்களிடம் அக்கா இன்றுவரை மறைத்து வைத்திருப்பது இப்படிப்பட்ட பேச்சுக்கு அஞ்சித்தான். பேட்டி கொடுத்தவர் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற வேண்டும், அதே மேடையில், அதே கூட்டத்தின் முன்னால்.