யாருக்கு ஆச்சி, பேத்திக்கா?

61 வயதில் எம்.ஏ. சேரலாம் என்று ஒரு கல்லூரிக்குப் போனேன், அங்கிருந்த பையன் "யாருக்கு ஆச்சி, பேத்திக்கா?" என்று கேட்டான் என்று முந்தாநாள் எழுதியிருந்தேன். அந்தப் பதிவுக்கு வந்த கமெண்டுகள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். "அந்தப் பையன் விளையாட்டாகக் கேட்டான், இதற்கு ஒரு பதிவா?" என்றவர்களுக்காகவே இது. எந்தக் கல்லூரி என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

"யாருக்கு ஆச்சி, பேத்திக்கா?" என்றதில் எனக்குக் கோபமே இல்லை. ஆச்சியை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். "எனக்குத்தான் தம்பி, எம்.ஏ. வரலாறு" என்றதும் உள்ளே திரும்பி "ஏல, இங்க வந்து பாரேன்" என்று இன்னொருவரைக் கூப்பிட்டாரே, அதுதான் சுட்டது. நான் என்ன கோயில் யானையா? முப்பது வருஷத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். அவர் வயதைப் பார்த்தால், அவருக்குச் சொட்டு மருந்து ஊற்றியதே நானாக இருக்கலாம்.

அதற்கு முந்தின நாள் பிரௌசிங் சென்டரில் நடந்தது இன்னும் அருமை. ஆன்லைன் படிவத்தில் பிறந்த வருஷப் பட்டியல் 1980-ஓடு நின்றுவிட்டது. நான் 1963. அங்கிருந்த தம்பி மவுஸை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வருசமே இதுல இல்லியே பெரியம்மா" என்றான். அதே கல்லூரியின் கையேட்டில் வயது வரம்பு கிடையாது என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. விதியில் இடம் இருக்கிறது, படிவத்தில் இல்லை. மூவாயிரம் வருஷத்து ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழியைப் பாடம் நடத்துகிற துறைக்கு 61 வயது பழசாகத் தெரிகிறது!

கேரளத்துக் கார்த்தியாயினி அம்மா 2018-இல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கினாரே, அந்தப் படத்தை ஷேர் செய்து கைகூப்பியவர்கள் நீங்கள்தானே? பக்கத்துத் தெரு அம்மா படிக்கப் போனால் மட்டும் ஏன் சிரிப்பு எமோஜி?

"ஒரு பிள்ளையின் சீட்டைக் கெடுக்கலாமா?" என்று கமெண்டில் கேட்டிருக்கிறீர்கள். இது நியாயமான கேள்வி. மருத்துவ சீட் என்றால் நானே யோசிப்பேன். ஆனால் இந்தப் பிரிவில் இடம் காலியாக இருக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். "தபாலில் படிக்கலாமே?" இக்னோவும் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் எனக்கும் தெரியும். எனக்கு வகுப்பில் உட்கார வேண்டும், சந்தேகம் கேட்க வேண்டும், கேண்டீனில் வடை தின்ன வேண்டும். "கோயில் குளம் என்று போகலாமே?" நெல்லையப்பரை அறுபது வருஷமாகப் பார்க்கிறேன். எம்.ஏ. சேராதே என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

அயர்லாந்தின் டப்ளின் நகரப் பல்கலைக்கழகம் 2012-லேயே, வயதானவர்களை எப்படி வரவேற்பது என்று பத்துக் கொள்கைகள் வகுத்தது. வேறு நாட்டுப் பல்கலைக்கழகங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. தென்னாட்டு ஆக்ஸ்ஃபோர்டு என்று பாளையங்கோட்டையைப் பீற்றிக்கொள்கிற நமக்குப் பத்தெல்லாம் வேண்டாம். படிவத்தில் பதினேழு வருஷத்தைச் சேருங்கள். முட்டுவலிக்காரி வந்தால் அந்த வகுப்பைக் கீழ்த்தளத்தில் வையுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

முக்கூடலில் எங்கள் அம்மா மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாக வாசிப்பேன். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் நான் மறுநாள் ஒப்பிக்கும்போது கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட வருஷத்தை மாற்றிச் சொன்னால், இலை வெட்டுகிற கத்தரியை நிறுத்தாமலே "1799-ல்லா, ஏட்டி" என்பாள். பி.ஏ. முடித்ததும் எனக்குக் கல்யாணம். "மேல படிக்கட்டுமே" என்று அப்பாவிடம் ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவளையும் ஒரு கல்லூரி உள்ளே விட்டிருந்தால்... சரி, அதை விடுங்கள். இதை எழுத ஆரம்பித்தபோது அழுகிற எண்ணம் இல்லை.

அப்புறம், நடத்தைச் சான்றிதழ் வேறு கேட்டார்கள். 61 வயதுக்காரியின் நடத்தைக்கு யாரிடம் போய்க் கையெழுத்து வாங்க? நேற்று அம்மாவின் மரப்பெட்டியைக் குடைந்து பழைய டி.சி.யைக் கண்டுபிடித்துவிட்டேன். 1984-இல் என் நடத்தை 'நன்று' என்று போட்டிருக்கிறது. திங்கட்கிழமை அதைத்தான் கொண்டுபோகப் போகிறேன்.