காசு கொடுத்து வாசிக்கப் போனவன்

செக் நாட்டில் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் நான் வயலின் வாசித்த படத்தை வைத்து மூன்று நாட்களாக நடக்கும் கேலிக் கூத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால், அதைத் தொடங்கிவைத்த பதிவை மறுபடியும் இங்கே ஒட்டப் போவதில்லை. "வாசிக்கிறவனுக்குக் காசு கொடுப்பார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறோம், இவர் காசு கொடுத்து வாசித்துவிட்டு வந்திருக்கிறார்" என்பது அதன் சாரம். ஆமாம், காசு கொடுத்துத்தான் வாசித்தேன். விமானம், விசா, பத்து நாள் தங்கல், பயிற்சிக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் ஆயிற்று. அது என் மூன்று ஆண்டுச் சேமிப்பு. யாரிடமும் கைமாற்று வாங்கவில்லை.

குழப்பத்தில் பாதி ஒரு சொல்லால் வந்தது என்று நினைக்கிறேன். நம் ஊரில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் கோவில் கொடையில் இரவு பத்து மணிக்கு மேல் சினிமாப் பாட்டுப் பாடும் குழு. அதற்கு முன்பணம் உண்டு, பேட்டா உண்டு. ஆகவே "எவ்வளவு வாங்கினீர்கள்?" என்று கேட்ட அண்ணாச்சிகள் மேல் எனக்குக் கோபமில்லை. நான் சொல்வது மேற்கத்திய சாஸ்திரிய இசை வாசிக்கும் பெரிய வாத்தியக் குழு. அதற்காகப் போனது செக் நாட்டில் ஒரு சிறு நகரத்துக்கு. பல்மருத்துவர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பள்ளி ஆசிரியை என்று பிழைப்புக்கு வேறு வேலை பார்க்கும் அறுபது பேர் விடுமுறையை அங்கே கழித்து, நாளுக்கு ஆறு மணி நேரம் ஒத்திகை பார்த்து, கடைசி நாள் மாலையில் ஒரே ஒரு முறை ஊராருக்கு முன்னால் வாசித்துவிட்டுக் கலைந்தோம்.

வாசித்தது செக் நாட்டு இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனி, நான்கு பகுதிகள் கொண்ட நீண்ட படைப்பு. அவர் அமெரிக்காவில் இருந்தபோது எழுதி, 1893 டிசம்பரில் நியூயார்க்கில் அரங்கேறியது. அதை எழுதிய மனிதரே இளமையில் பிராக் நகரத்து நாடக அரங்கின் குழுவில் பல ஆண்டுகள் வயோலா, அதாவது வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம், வாசித்தவர். கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்திருந்தவர். நானோ இரண்டாம் வயலின் பிரிவில் கடைசி வரிசை. ஓபோ என்ற ஊதுகுழல் கொடுக்கும் ஒரே சுருதிக்கு அறுபது பேரும் சேர்வதும், முன்வரிசைக்காரரின் வில் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதே பக்கம் நம் வில்லும் இழுப்பதும்தான் அங்கே என் வேலை. வாசிக்காமல் சும்மா இருக்கும் இடங்களைத் தப்பாமல் எண்ணுவது வாசிப்பதைவிடக் கடினம் என்பது உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும்.

அந்தப் படைப்பில் சிம்பல், அதாவது பெரிய ஜால்ரா, நான்காம் பகுதியில் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். அதையும் ஓங்கி அடிக்கக் கூடாது. அதற்காக ஒருவர் ஹாலந்திலிருந்து ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டி வந்திருந்தார். மூன்றாம் பகுதியில் முக்கோணம் என்ற கம்பி வாத்தியமும் அவர் பொறுப்புதான் என்றாலும், கட்டணம் அவருக்கும் எனக்கும் ஒன்றே. நம் ஊரில் ஜால்ரா தட்டுகிறவர்கள் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

காசு கொடுத்துப் போவது கேவலம் என்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆனித் தேரோட்டத்துக்கு மும்பையிலிருந்து லீவு போட்டு, ரயிலேறி வந்து, நெல்லையப்பர் தேரின் வடத்தில் கைவைக்கிறவரிடம் "என்ன கூலி தந்தார்கள்?" என்று எவராவது கேட்டதுண்டா? நான் வேதக்கோவிலில், அதாவது சர்ச்சில், வளர்ந்தவன். ஆனாலும் திருநெல்வேலி டவுன் நண்பர்களோடு போய் அந்த வடத்தைப் பிடித்திருக்கிறேன். என் ஒரு கை இல்லாவிட்டாலும் தேர் நகரும் என்பதும் தெரியும், என் கையும் சேர்ந்துதான் நகர்ந்தது என்பதும் தெரியும். செக் நாட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தபோதும் அப்படித்தான் இருந்தது. இதற்கு மேல் எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

"விடுமுறை என்றால் குற்றாலச் சாரல் போதாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போதும், அதற்கும் போகிறேன். "இந்தியாவிலேயே வாசிக்கக் கூடாதா?" என்றார் இன்னொருவர். மும்பையில் 2006இல் தொடங்கிய சிம்பொனிக் குழு தொழில்முறைக் கலைஞர்களுடையது. என்னைப் போல வங்கியில் வட்டிக் கணக்குப் பார்க்கிறவனுக்கு அங்கே நாற்காலி கிடையாது. "வெள்ளைக்காரன் இசைக்கு இவ்வளவு மோகமா?" என்ற கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்த ஊர் எட்டயபுரம். வெள்ளைக்காரனின் வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்த அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அந்த எட்டயபுரத்தில்தான் ஆஸ்தான வித்துவானாக இருந்தார். இங்கிருந்து காலையில் பேருந்து ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம், ஒருமுறை போய்வாருங்கள். 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றிய இரவில் "தமிழனின் பெருமை" என்று எழுதிய அதே விரல்கள்தான் இப்போது என்னைக் கேலி செய்கின்றன. மேடையின் நடுவில் நின்றால் பெருமை, கடைசி வரிசையில் உட்கார்ந்தால் பைத்தியக்காரத்தனம்.

வயதான அப்பாவைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போனதைப் பற்றி அத்தை கேட்டது மட்டும் நியாயம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் நான் ஏன் அவ்வளவு தூரம் போனேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாளையங்கோட்டையில் என் சிறுவயதில் எங்கள் வேதக்கோவில் பாடகர் குழுவில் ஐந்து வயலின்கள் இருந்தன. கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு இரண்டு மாதம் ஒத்திகை நடக்கும். பாமாலைப் புத்தகத்துப் பாட்டுகளின் நான்கு குரல்களையும் நாங்கள் பிரித்துக்கொண்டு வாசிப்போம். பிறகு ஒரு கீபோர்டு வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் இருபது வயலின் கேட்கும்போது ஐந்து பேருக்கு எதற்கு டீயும் வடையும் என்று கமிட்டியில் ஒருவர் கணக்குச் சொன்னார். யாரும் எங்களை வெளியே போகச் சொல்லவில்லை. நாற்காலிகளை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

அந்த ஐவரில் இரண்டு பேர் ஒரே இசைத்தாள் ஸ்டாண்டில் வாசித்தோம். ஆர்க்கெஸ்ட்ராவிலும் அதுதான் வழக்கம்: இருவருக்கு ஒரு ஸ்டாண்டு, உள்பக்கம் இருப்பவர் வாசிப்பதை நிறுத்திப் பக்கம் திருப்ப வேண்டும், மற்றவர் விடாமல் தொடர வேண்டும். எங்கள் ஸ்டாண்டில் பக்கம் திருப்பியது நீ. அந்தப் பதிவுக்கு விழுந்த இருநூற்றுச் சொச்சம் சிரிப்பு முகங்களுக்கு நடுவில் உன்னுடையதையும் பார்த்தேன். மற்றவர்கள் சிரித்ததற்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

உன் வயலின் இன்னும் பரணில்தான் கிடக்கிறது என்று உன் தங்கச்சி சொன்னாள். கம்பியெல்லாம் போயிருக்கும். வரும்போது இரண்டு செட் வாங்கி வந்தேன். எனக்கு ஒன்று போதும்.