விதை கொண்டுவரும் முன் இலையைப் பாருங்கள்

அழகர்மலையில் குறைந்துவரும் மரங்களுக்குச் சிறுமலையிலிருந்து விதை கொண்டுவரலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நல்ல எண்ணம்தான், ஆனால் அவசரம் வேண்டாம் ஐயா. இரண்டு மலை மரங்களும் மரபில் எவ்வளவு நெருக்கம் என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டு மலையிலும் தலா 30 மரத்தின் இலையை எடுத்து மைக்ரோசாட்டிலைட் குறிகளை (டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளை) ஒப்பிட்டால் எஃப்எஸ்டி, அதாவது இரு கூட்டங்களின் மரபு வேறுபாட்டைக் காட்டும் அளவு, கிடைக்கும். அது 0 என்றால் வேறுபாடே இல்லை. 1-ஐ நெருங்க நெருங்க உறவு விட்டுப்போன கூட்டங்கள். இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்தில் (குளோரோபிளாஸ்ட்) உள்ள டிஎன்ஏவையும் கட்டாயம் பார்க்க வேண்டும். பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் அது தாய்மரத்திலிருந்து மட்டுமே வருவதால் விதை நகர்ந்த தடம் அதில் தெரியும். மகரந்தம் தேனீயோடு வெகுதூரம் போயிருக்கும், விதை போயிருக்காது! மதுரை அருகேயுள்ள அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமானபோது எவ்வளவு மகிழ்ந்தோம். அங்குள்ள மரங்களையும் இந்த ஒப்பீட்டில் சேருங்கள். வனத்துறை அனுமதித்தால் மதுரைக் கல்லூரி மாணவர்களே இலை சேகரித்துத் தருவார்கள்.