அழகர் ஏன் லேட்?

மதுரையில் சித்திரைத் திருவிழா வந்தால் வெளியூர் நண்பர்கள் போன் போட்டு இரண்டே கேள்விதான் கேட்பார்கள். அழகர்கோயில் பெருமாளான கள்ளழகர் வைகை ஆற்றில் இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க பாஸ் கிடைக்குமா? இந்த வருசம் என்ன கலர் பட்டு? அழகருக்கு உடுத்தப் பட்டர் பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கும் பட்டு பச்சையாக இருந்தால் ஊர் செழிக்கும் என்பது மதுரைக்காரர்கள் நம்பிக்கை. சரி, அது இருக்கட்டும். ஆனால் அந்த ஒரு நிமிடம்தான் திருவிழா என்று டிவி பழக்கிவிட்டது. எனக்கு அதில்தான் வருத்தம்.

நான் அழகர் வரும் வழியில் இருக்கும் புதூர்க்காரன். எங்களுக்கு அழகர் ஆற்றுக்கு முந்தின நாளே வந்துவிடுவார். கோயில் காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பனிடம் உத்தரவு வாங்கி, கள்ளர் கோலத்தில் கொண்டையும் கண்டாங்கியும் வளைத்தடியுமாக மலையை விட்டுக் கிளம்பி, ராத்திரி முழுக்கத் தூங்காமல் வருகிறார். விடியும்போது மூன்றுமாவடியில் எதிர்சேவை, அதாவது ஊர் எதிர்கொண்டு வரவேற்பது. அங்கிருந்து தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்கு நாலைந்து கிலோமீட்டர்தான் இருக்கும். போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும்! வழியெல்லாம் மண்டகப்படி, அவரை நிறுத்திப் பூஜை செய்யும் பந்தல்கள். மலையிலிருந்து வண்டியூர் வரை கணக்கெடுத்தால் 400-க்கும் மேல். ஊருக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று, சாதிக்கு ஒன்று. ஓலைக் கொட்டகையாக இருந்தாலும் நின்று தீபாராதனை வாங்கிக்கொண்டுதான் நகர்வார்.

தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு வந்து, லேட்டாகி, கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்பிவிட்டார் என்று கதை சொல்வோம். கோயிலில் கேட்டால், தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்க வருகிறார் என்பார்கள். முன்பு சோழவந்தான் பக்கம் தேனூரில்தான் ஆற்றில் இறங்கினாராம். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, இரண்டு விழாவையும் சேர்த்து வைத்தவர் திருமலை நாயக்கர் என்பார்கள். எந்தக் கதை சரியென்று சண்டை போட எனக்கு விருப்பமில்லை. அழகர் ஏன் லேட் என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் உண்டு. நாங்கள் நிறுத்தி வைத்தோம்.

அம்மா ஒரு வாரம் முன்பே பரணில் இருக்கும் பித்தளைச் செம்பை இறக்கிப் புளி போட்டுத் தேய்ப்பார். அதில் சர்க்கரையை நிரப்பி, வாயை வாழையிலையால் மூடி, மேலே சூடம். அழகர் வரும்போது ஏற்றிக் காட்டிவிட்டு, அந்தச் சர்க்கரையைப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டும். யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. நம் கையிலும் யாரோ ஒருவர் ஒரு சிட்டிகை வைத்துவிட்டுப் போவார். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை, ரசீதும் இல்லை. 2020, 2021 இரண்டு வருசமும் கொரோனாவால் அழகர் மலையை விட்டு இறங்கவில்லை. அம்மா வாசலில் வடக்கே பார்த்து நின்று செம்பைக் காட்டினார். தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் நின்றார்கள்.

இதைப் படிக்கிற தண்ணீர் பீய்ச்சும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பி, சின்னத் துருத்தி வைத்துத் தெளிப்பது விரதம் இருந்து செய்கிற நேர்த்திக்கடன். வெயிலில் வந்தவரைக் குளிர வைப்பதுதான் அதன் அர்த்தம். சில வருசம் முன்பு ஒரு பையன், வயலுக்கு மருந்தடிக்கிற மாதிரி பிரஷர் பம்ப்போடு வந்து அடித்தான். பட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அம்மாவின் சூடம் அணைந்தது, செம்புச் சர்க்கரை பாகாகிவிட்டது. வேண்டாம் என்று நிர்வாகம் அறிவித்தாலும் எவனாவது ஒருவன் கொண்டுவந்துவிடுகிறான். அது அழகருக்கான தண்ணீர் இல்லை தம்பி, உன் ரீல்ஸுக்கான தண்ணீர்.

ஆற்றங்கரையைக் குறை சொல்லவில்லை. ஆண்டாள் மாலையைச் சூடி, தங்கக் குதிரையில் அவர் இறங்கும்போது எழும் கோவிந்தா சத்தம் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறியும். வைகை அணையில் திறந்துவிட்ட தண்ணீர்தான், அதனால் என்ன? ஆனால் பாஸ் வைத்திருப்பவர்கள் தடுப்புக்குள் செல்ஃபி எடுக்க, மொட்டை போட்டுக்கொண்டு முந்தின நாளிலிருந்து மணலில் படுத்துக் கிடந்த கிராமத்துக் கிழவி தடுப்புக்கு வெளியே எக்கி எக்கிப் பார்ப்பதை என்னால் சகிக்க முடியவில்லை. 2022-ல் அந்த நெரிசலில் உயிரே போனது. கூட்டம் முழுவதையும் ஒரே நிமிடத்துக்கு, ஒரே இடத்துக்கு ஏன் வரச் சொல்கிறோம்?

ஆற்றில் இறங்கியபின் அவர் போகும் வண்டியூருக்குப் போங்கள். துலுக்க நாச்சியார் என்ற முஸ்லிம் பெண் வீட்டில் அழகர் தங்குகிறார் என்று ஊர் சொல்லும். கோயில் கணக்கில் அது வீரராகவப் பெருமாள் கோயில். ராமராயர் மண்டபத்துக்கு ராத்திரி போங்கள், விடிய விடிய தசாவதாரக் கோலங்களில் அவரைப் பார்க்கலாம். பூப்பல்லக்கைப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது இவை எதுவுமில்லை, அவர் திரும்பிப் போகும் நாள்தான். டிவி வண்டி போய்விடும், பலூன்காரனும் போய்விடுவான். வரும்போது நெருங்க முடியாத பல்லக்கு புதூரில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். அம்மா பனையோலை விசிறியால் நாலு வீசு வீசிவிட்டு, "போயிட்டு வாங்கய்யா" என்பார், ஊருக்குக் கிளம்பும் அண்ணனிடம் சொல்வது போல. அழகர்கோயில் கோட்டை வாசலில் பெண்கள் பூசணிக்காயில் சூடம் ஏற்றித் திருஷ்டி சுற்றித்தான் அவரை உள்ளே விடுவார்கள். அத்தனை பேர் கண் பட்டிருக்கிறதே!

மறுநாள் செம்பு பரணுக்குப் போய்விடும். அடியில் தங்கிய சர்க்கரையைப் போட்டு அம்மா காபி தருவார், சூட வாசனையோடு.